வெள்ளைப் பாறையைத் தாண்டிய கப்பல்

“கப்பல்கள் ஏன் வருவதில்லை?”

தளபதி அபயதுங்கன் இந்தக் கேள்வியை அந்த வருஷம் மூன்று பேரிடம் கேட்டார்.

அரண்மனைப் புரோகிதர் கடலுக்கு ஓர் எருமை கொடுக்கச் சொன்னார். தளபதி கொடுத்தார். கடல் எருமையை வாங்கிக்கொண்டது. கப்பல் வரவில்லை.

பெரிய விகாரையின் தலைமைப் பிக்கு, வருவது போவது எல்லாமே மாயை என்றார். தளபதி கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தார். மாயை என்று அரசரிடம் போய்ச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக அவர் பிக்குணி சீலமதியிடம் வந்தார்.

*

அந்த ராஜ்யத்துக்கு வயல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சதுப்பும் காடும்தான். ஆனால் மேற்கே சோழக் கரையிலிருந்து கிழக்கே சீனத்துக்குப் போகிற கப்பல்களும், அங்கிருந்து திரும்புகிற கப்பல்களும், அதன் வாசலில் இருந்த குறுகலான கடல் வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற கப்பல் ஆற்றுக்குள் நுழைந்து துறையில் தங்கும். சரக்கு கைமாறும். அரசருக்கு ஒரு பங்கு போகும். ராஜ்யம் சோறு தின்றது அதில்தான்.

நிற்காமல் போகிற கப்பலை விடக் கூடாது என்பது பழைய சட்டம்.

ஆற்றுமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, கடல் பறவைகளின் எச்சத்தில் வெளுத்துப்போன ஒரு பாறை இருந்தது. அந்த வெள்ளைப் பாறையைத் தாண்டிய கப்பல், துறையை மதிக்காத கப்பல். குன்றின் மேல் சங்கு ஊதுவார்கள். துடுப்புப் படகுகள் புறப்படும். கப்பலை எரித்துவிடுவார்கள். ஆட்களையும் விடுவதில்லை.

இந்தச் சட்டத்தை அபயதுங்கனைப் போல ஒழுங்காக நடத்தியவர் முன்னால் யாரும் இல்லை. முப்பது வருஷம் துறைக் காவலில் இருந்தவர், போன வருஷம்தான் தளபதியானார்; அதிலிருந்து குன்றின் மேல் அவரே நின்று பார்ப்பார். பாறையைத் தாண்டாத கப்பலை யாராவது தொட்டால் தொட்டவன் கையை வெட்டுவார். தாண்டியது அரசரின் மைத்துனருடைய கப்பலாக இருந்தாலும் சங்கு ஊதுவார். அப்படி ஒருமுறை ஊதியும் இருக்கிறார்.

அந்த வருஷம் ஏழு கப்பல்கள் தாண்டின. ஏழும் எரிந்தன.

*

சீலமதி தளபதியைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். படகிலேயே பிறந்து படகிலேயே சாகிற கடல்மக்கள் குலத்தில் பிறந்தவர். துறவு வாங்கி இருபது வருஷம் ஆன பிறகும் அவருக்கு விகாரைக்குள் உட்காரப் பிடிக்காது. படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டுதான் பாடம் சொல்வார்.

தளபதி அவருக்கு நான்கு வருஷமாகச் சீடர். கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்துவிடுவார்.

இந்த முறை பௌர்ணமிக்கு முன்பே வந்து, தலைப்பாகையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, கேள்வியைக் கேட்டார்.

சீலமதி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, விளையாட்டு இல்லை. போன வருஷம் இந்நேரம் துறையில படகு திரும்ப இடம் கிடையாது. இப்ப எருமை குளிக்குது. ஏழு கப்பலை எரிச்சேன். அதைப் பார்த்தாவது மத்தவன் ஒழுங்கா உள்ளே வரணும்ல? வரமாட்டேங்கிறான். மேற்கால பெரிய தீவையே சுத்திக்கிட்டுப் போறானாம். இருபது நாள் கூடுதல். தண்ணி கிடைக்காத வழி. அந்த வழியில போறான், இங்க வரமாட்டேங்கிறான்.”

“அரசர் என்ன சொல்றார்?”

தளபதி தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வாடைக்காற்று முடியறதுக்குள்ள துறை நிறையணும். இல்லேன்னா சபதத் தண்ணி.”

*

சபதத் தண்ணீர் என்றால் அந்த ஊரில் குழந்தை கூட அழுகையை நிறுத்தும்.

அரண்மனை முற்றத்தில் ஏழு பாம்புத் தலை செதுக்கிய ஒரு கல் இருந்தது. அரசருக்கு யார்மேல் சந்தேகமோ அவரை அதன் முன்னால் நிறுத்துவார்கள். அவர் மூன்று சத்தியம் செய்ய வேண்டும். அரசருக்குத் துரோகம் செய்யவில்லை. அரசரின் எதிரிக்கு உதவவில்லை. அரசரின் துறையை நாடி வந்த ஒருவனுக்கும் தீங்கு செய்யவில்லை. பிறகு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்து வருவதைப் பிடித்துக் குடிக்கக் கொடுப்பார்கள். சத்தியம் பொய் என்றால் குடித்தவன் குடல் வெந்து சாவான்.

செத்திருக்கிறார்கள். கல்லால் செத்தார்களா, பயத்தால் செத்தார்களா, யாராவது தண்ணீரில் எதையாவது கலந்தார்களா என்று விசாரித்துப் பார்க்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

“குடிக்கப் பயமா இருக்கா?” என்று கேட்டார் சீலமதி.

“எனக்கா? குடம் குடமா குடிப்பேன். மூணும் நான் காப்பாத்தின சத்தியம். முதல் ரெண்டைச் சொல்ல வேண்டியதே இல்லை. மூணாவதுலயும் என்மேல ஒரு தூசி கிடையாது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் மயிரைக்கூட நான் தொட விட்டதில்லை.”

“அப்புறம் என்ன?”

“முப்பது வருஷம் காவல் காத்தவனைத் திருடன் நிக்கிற இடத்துல நிறுத்தினா, உயிர் போகலேன்னாலும் மானம் போயிடும்மா. எனக்கு நாலு கப்பல் உள்ளே வந்தா போதும். ஏன் வரலேன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

சீலமதி தண்ணீரிலிருந்து காலை எடுத்தார்.

“நீங்க கடைசியா எப்ப துறைக்கு வந்தீங்க?”

“இன்னிக்குக் காலையில.”

“எதுல?”

“என் படகுலதான். எண்பது துடுப்பு.”

“அதுக்குப் பேரு வர்றது இல்லை. வீட்டுக்குள்ள நடமாடறது.”

தளபதிக்குச் சிரிப்பு வந்தது. சீலமதி சிரிக்கவில்லை.

“இடுப்புப் பட்டையைக் கழட்டி இங்க வையுங்க. கடாரத்துக்குப் போவோம். அங்கேர்ந்து பாய்மரக் கப்பல் ஒண்ணுல ஏறித் துறைக்கு வருவோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“வந்தா?”

“வந்தா துறைக்கு வந்திருப்பீங்க.”

தளபதி பட்டையைக் கழற்றினார். அது தங்கம். அதைக் கழற்றியதும் வேட்டி தளர்ந்தது. அங்கேயே நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

*

போவதற்கு முன்னால் உதவித் தளபதியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் கடல்மக்களில் ஒருவன். அவர்கள் பிள்ளைகளுக்கு மீன் பெயர் வைப்பார்கள். இவன் பெயர் தெங்கிரி. அவர்கள் பேச்சில் வஞ்சிர மீனுக்கு அதுதான் பெயர். கறுத்த, மெலிந்த, சிரிக்கத் தெரியாத மனிதன். கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்வான்.

“நான் ஒரு மாசம் இருக்க மாட்டேன்.”

“சரிங்க ஐயா.”

“பாறையைத் தாண்டினா?”

“எரிப்பேன் ஐயா.”

தளபதிக்குத் திருப்தியாக இருந்தது.

*

கடாரத் துறையில் சீனம் போகிற கப்பல்கள் ஆறு நின்றன. எல்லாம் மேற்கு வழிக்காகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தன. சீலமதி அவற்றில் ஒன்றின் முன்னால் போய் நின்றார். நாகப்பட்டினத்துக் கப்பல். கப்பல்காரர் பெயர் நக்கன் சேந்தன். நாற்பது வயது. துணியும் மிளகும் ஏற்றியிருந்தார்.

“அம்மா, ஏறிக்கங்க. துறவிக்குக் கூலி கிடையாது. இவரு யாரு?”

“என்கூட வர்றவர்.”

“கற்பூர வியாபாரம்,” என்றார் தளபதி. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

சேந்தன் அவர் கையைப் பார்த்தார். கற்பூரக் கை மாதிரி இல்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

“நீங்க ஏன் மேற்கால சுத்திப் போறீங்க?” என்று தளபதியே ஆரம்பித்தார். “வழியில பெரிய துறை இருக்கே. நல்ல தண்ணி, சந்தை, எல்லாம் இருக்கு.”

“இருக்குங்க. பத்துத் தடவை போயிருக்கேன். சோறு போட்ட ஊரு, குறை சொல்ல மாட்டேன்.”

“வரி அதிகமோ?”

“வரி எங்கதாங்க இல்ல? வரிக்கு எவனாவது பயப்படுவானா?”

“பின்னே?”

சேந்தன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“போன வாடைக்கு என் மச்சான் போனாருங்க. என் பொண்டாட்டியோட அண்ணன். முன்னாடி குதிரைத் தலை வெச்ச கப்பல். அந்தத் துறைக்குன்னே நெய்த துணி. வேற எங்கயும் விக்காது. போனவரு வரலை. அவரு மட்டுமில்ல, அந்தத் துறைக்குன்னு போனவங்க நிறைய பேரு வரலை. என்னா ஆச்சுன்னு சொல்றதுக்கும் ஒரு ஆளு திரும்பலை. அப்புறம் எவன் போவான்?”

தளபதிக்கு அந்தக் குதிரைத் தலை ஞாபகம் இருந்தது. மூன்றாவதாக எரிந்த கப்பல். தலை மட்டும் கடைசிவரை எரியாமல் நின்றது.

“அவர் ஒருவேளை துறைக்குப் போகாம தாண்டிப் போகப் பார்த்திருப்பார்,” என்றார்.

“அந்தத் துணியை வெச்சுக்கிட்டா?”

சேந்தன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கயிற்றை எடுத்தார்.

*

மூன்று நாள் தளபதி சேந்தனோடு பேசினார்.

அந்தத் துறையின் தளபதியைத் தனக்குத் தெரியும் என்றார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்றார். நேராக உள்ளே வருகிற கப்பலை அவர் தொட்டதே இல்லை என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகம் சிவந்தது. தன்னைத்தானே புகழ்வது அவருக்கு அதுவரை பழக்கமில்லை.

சேந்தன் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

நான்காம் நாள் தளபதி சொன்னார்: “நானும் உங்க கப்பல்லதான வர்றேன். எனக்கு மட்டும் ரெண்டு உயிரா இருக்கு? அம்மாவும் வர்றாங்க. நேரா துறைக்கு விடுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆகணும்னா என்னைத் தாண்டித்தான் ஆகணும்.”

சேந்தன் சீலமதியைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க என்னா சொல்றீங்க?”

“நான் அங்கதான் போறேன்,” என்றார் சீலமதி. “உங்களைப் போகச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம்னு சொல்லவும் மாட்டேன்.”

சேந்தன் அன்று முழுக்க யோசித்தார். மேற்கு வழியில் இருபது நாள் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். சாயங்காலம் வந்து, “சரிங்க, துறைக்கே விடறேன்,” என்றார். “உங்க வார்த்தைக்குத்தான்.”

தளபதிக்கு அன்று நல்ல பசி எடுத்தது. நான்கு கப்பலில் ஒன்று கிடைத்துவிட்டது.

*

கடலில் இரண்டாம் நாள் அவர் வாந்தி எடுத்தார்.

முப்பது வருஷம் கடலில் கிடந்தவர். ஆனால் துடுப்புப் படகு தண்ணீரோடு ஒட்டிப் போகும். சரக்குக் கப்பல் உயரத்தில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் சாயும். மாலுமிகள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

“அம்மா, நான் இங்க என்ன கத்துக்கணும்?” என்று கேட்டார், விளிம்பைப் பிடித்துக்கொண்டே.

“முதல்ல காத்துக்கு எதிர்ப்பக்கம் வாந்தி எடுக்காம இருக்கக் கத்துக்கங்க.”

சீலமதி கப்பலின் பின்புறம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கப்பல் ஏறியதிலிருந்து அவர் முகம் தெளிந்திருந்தது.

நான்காம் நாள் காற்று விழுந்தது. பாய் துவண்டது. கப்பல் நின்றுவிட்டது.

“ஏன் நிக்குது?” என்று கேட்டார் தளபதி.

“காத்து இல்லீங்க,” என்றார் சேந்தன்.

“எப்ப கிளம்பும்?”

“காத்து வந்தா.”

“ஏதாவது செய்யக் கூடாதா?”

“செய்யலாமே. சோறு தின்னுட்டுப் படுக்கலாம்.”

தளபதி அப்படியும் இப்படியும் நடந்தார். அவர் படகில் காற்று இல்லை என்றால் துடுப்பு இருக்கும். நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகலாம், நிற்கலாம், திரும்பலாம். மரம் மாதிரி கடலில் கிடப்பது என்பது அவருக்குத் தெரியாத விஷயம். ஒன்றரை நாள் அப்படிக் கிடந்தார்கள்.

*

பதினோராம் நாள் காலையில் தண்ணீர் பழுப்பானது.

மேற்கே சதுப்புக் காட்டின் பச்சைக் கோடு தெரிந்தது. பிறகு அது ஓரிடத்தில் விட்டுப்போய், ஆற்றுமுகம் தெரிந்தது. பிறகு குன்று. குன்றின் மேல் காவல் கொட்டகை.

தளபதிக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் தன் ஊரை அவர் வெளியிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை.

“விடுங்க! உள்ளே விடுங்க!” என்று கையைத் தட்டினார்.

சேந்தன் பாயை இறக்கச் சொன்னார்.

“ஏன் இறக்கறீங்க?”

“வத்தம்ங்க, கடல் இறங்குற நேரம். ஆறு வெளியே தள்ளுது, தெரியலீங்களா? வாயில ஒரு ஆளு ஆழம்கூட இருக்காது. இந்தப் பாரத்தோட நுழைஞ்சா சேத்துல உக்காந்துரும். கடல் திரும்பி வெள்ளம் ஏறட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“உச்சி திரும்பணும்.”

“படகுங்க எப்பவும் போய் வந்துக்கிட்டுத்தான இருக்கு?”

“துடுப்புப் படகு முழங்கால் தண்ணியில போவும். இது கப்பலுங்க.”

நங்கூரத்தை இறக்கினார்கள். கயிறு விறைத்தது. பிறகு தளர்ந்தது. மறுபடி விறைத்தது, தளர்ந்தது.

“நிக்கலியே,” என்றார் தளபதி.

“நிக்காது. இங்க அடியில கூழு மாதிரி சேறு. நங்கூரம் உழுதுக்கிட்டே வரும். காத்தும் வடக்கேர்ந்து தள்ளுது, நீரோட்டமும் தெற்கால இழுக்குது. ஒண்ணும் பயமில்ல. மெள்ளத் தெற்கால ஒதுங்கிப் போவோம். வெள்ளம் ஏறும்போது அதே இழுப்பு திசை மாறி நம்மளைத் திருப்பிக் கொண்டாந்து வாயில விட்டுரும். பத்துத் தடவையும் இப்படித்தான் வந்தேன்.”

தளபதி தெற்கே பார்த்தார்.

வெள்ளைப் பாறை தெரிந்தது. அது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

*

“இதுக்கு மேல போகக் கூடாது,” என்றார் தளபதி.

“எதுக்கு மேல?”

“அந்தப் பாறை. அதைத் தாண்டக் கூடாது. பாயை ஏத்துங்க.”

“வடக்கேர்ந்து அடிக்கிற காத்துல பாயை ஏத்தினா இன்னும் வேகமாத்தான் தாண்டும். ஏன் தாண்டக் கூடாது?”

“அது சட்டம்.”

“எந்தச் சட்டம்? பத்துத் தடவை வந்திருக்கேன். எனக்கு யாரும் சொல்லலியே?”

“அப்ப இருந்தவர் இவ்வளவு கண்டிப்பு இல்லை.”

சேந்தன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்தார்.

“இன்னொரு நங்கூரம் இருக்குல்ல? அதையும் போடுங்க!” என்று தளபதி கத்தினார். போட்டார்கள். இரண்டும் சேர்ந்து சேற்றை உழுதன. தளபதி தானே ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. கப்பல் அவரைக் கவனிக்காமல் தெற்கே போனது.

அவர் சீலமதியிடம் ஓடினார்.

“அம்மா, தாண்டுது. நான் என்ன செய்யணும்?”

“தெரியலையே,” என்றார் சீலமதி. அவர் முகத்திலும் பயம் இருந்தது. “நீங்கதான் சட்டம் தெரிஞ்சவர்.”

பாறை இடது பக்கமாக வந்தது. அதன் மேல் பறவைகள் உட்கார்ந்திருந்தன. பிறகு பாறை பின்னால் போனது.

குன்றின் மேல் சங்கு ஊதியது.

*

ஐந்து படகுகள் ஆற்றிலிருந்து வந்தன.

தளபதி அந்தப் படகுகளைக் கட்டியவர். துடுப்புக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர். குன்றிலிருந்து அவை போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பார்த்ததெல்லாம் முதுகுப் பக்கம். முன்னாலிருந்து அவற்றை அவர் இன்றுதான் பார்த்தார்.

அவர் கை தானாக விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாலுமிகள் ஈட்டிகளை எடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு நான்கு ஈட்டிதான் இருந்தது. ஒருவன் உலக்கையை எடுத்துக்கொண்டான்.

சேந்தன் வந்து அவர் முன்னால் நின்றார்.

“பெரியவரே, உங்க தளபதி நியாயமானவருன்னு சொன்னீங்களே?”

“நான்தான்.”

“என்னாது?”

“நான்தான் தளபதி.”

சேந்தன் வாயைத் திறந்தார். மச்சானைப் பற்றிக் கேட்க வேண்டியது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைக் கேட்க நேரம் இல்லை.

“அப்ப நிறுத்தச் சொல்லுங்க,” என்றார்.

தளபதி விளிம்பில் ஏறி நின்று கையை விரித்துக் கத்தினார். பெயர் சொல்லிக் கத்தினார். பட்டம் சொல்லிக் கத்தினார். தங்கப் பட்டை இல்லாத, பதினோரு நாள் தாடி வளர்ந்த, வாந்திக் கறை படிந்த வேட்டி கட்டிய ஒரு மனிதன் கப்பல் மேல் குதித்துக்கொண்டிருப்பது படகிலிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் துடுப்பை நிறுத்தவில்லை.

முதல் ஈட்டி குடிதண்ணீர்ப் பானையை உடைத்தது. இரண்டாவது சுக்கான்காரன் தோளில் பாய்ந்தது. அவன் உட்கார்ந்தான். மூன்றாவது படகில் பந்தம் கொளுத்தினார்கள்.

“அம்மா, நீங்க கூப்பிடுங்க!” என்றார் தளபதி. “துடுப்பு போடறது உங்க ஜனங்க. நீங்க கூப்பிட்டா கேப்பாங்க.”

சீலமதி எழுந்து நின்று கூப்பிட்டார். அது துறவியின் குரல் இல்லை. படகுக்குப் படகு கூப்பிட்டுப் பேசுகிற பெண்களின் குரல். காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.

முன்படகில் நின்றவன் கையை உயர்த்தினான். துடுப்புகள் நின்றன.

*

தெங்கிரி கயிற்றைப் பிடித்துக் கப்பலில் ஏறினான். முதலில் சீலமதியைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு பக்கத்தில் நின்ற தாடிக்காரரைப் பார்த்தான். இரண்டாம் தடவை பார்த்தான். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டான்.

“ஐயா!”

சுக்கான்காரனின் தோளைச் சேந்தன் தன் தலைத்துணியால் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியபடியே இந்தப் பக்கம் பார்த்தார்.

தெங்கிரி குழம்பிப் போயிருந்தான். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. தலையை நிமிர்த்தாமல் மெதுவாகச் சொன்னான்.

“ஐயா, கப்பல் பாறையைத் தாண்டிடுச்சு.”

“தாண்டலைடா!” என்று தளபதி கத்தினார். “தாண்டிப் போகலை. வத்தம். நங்கூரம் நிக்கலை. வெள்ளம் ஏறட்டும்னு காத்துக்கிட்டு இருந்தோம். துறைக்குத்தான்டா வந்துக்கிட்டு இருந்தோம்!”

தெங்கிரி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, ஐயா.”